முதுகுத்தண்டு நலமும் தொடர் கைரோபிராக்டிக் சிகிச்சையும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

கைரோபிராக்டிக் என்பது முதுகுத்தண்டின் மூட்டுகளைக் கையால் அழுத்தியும் திருப்பியும் வலியைக் குறைக்க முயலும் ஒரு சிகிச்சை முறையாகும். வலி வந்தபின் செய்துகொள்வதோடு நில்லாமல், வலி வராமல் தடுப்பதற்கும் பொதுவான உடல்நலத்திற்கும் மாதந்தோறும் இதனைத் தொடர வேண்டும் என்னும் அறிவுரை, இணையக் காணொளிகளின் வழியாக இன்று சிற்றூர்கள் வரை வந்து சேர்ந்துள்ளது. நடவும் களையெடுப்பும் மூட்டை சுமத்தலும் அன்றாட வேலையாக உள்ள மன்னார்குடி வட்டாரத்தில் இடுப்புவலி இல்லாத வீடு அரிது. ஆகவே, இம்முறை எதற்கு உதவும், எதற்கு உதவாது, யாருக்கு ஆபத்து, இதற்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் வேறு எதில் செலவிட்டால் முதுகு காக்கப்படும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

கைரோபிராக்டிக் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டாவன்போர்ட் நகரில் 1895-ஆம் ஆண்டு டேனியல் டேவிட் பால்மர் என்பவர் இம்முறையைத் தொடங்கினார். 'கையால் செய்வது' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் உருவானது. (கிரேக்கச் சொல்லின் முதல் ஒலி நம் 'கை'யைப் போலவே இருப்பது தற்செயலானது.) முதுகெலும்புகள் சிறிது இடம் பிசகுவதால் நரம்பின் இயக்கம் தடைப்பட்டு நோய்கள் உண்டாகின்றன, அவற்றைச் சரிசெய்தால் நோய் நீங்கும் என்பது பால்மரின் கொள்கை. பெரும்பாலான நோய்களுக்கு இப்பிசகலே காரணம் என்ற அவரது கருத்தைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. இன்றைய கைரோபிராக்டர்களிலும் பலர் அதனைக் கைவிட்டு, முதுகு, கழுத்து ஆகியவற்றின் தசை மற்றும் மூட்டு வலிகளுக்கு மட்டுமே சிகிச்சை அளிக்கின்றனர்.

அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இத்தொழிலுக்கு உரிமம் வழங்கப்படுகிறது. பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டின் சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் இதற்கான அடிப்படைப் பயிற்சி, பாதுகாப்பு ஆகியவை குறித்த வழிகாட்டுதலை 2005-இல் வெளியிட்டது. இந்தியாவில் கைரோபிராக்டிக் தனியொரு மருத்துவத் தொழிலாகச் சட்டப்படி ஒழுங்குபடுத்தப்படவில்லை. இதற்கெனப் பதிவு செய்யும் மன்றமும் இல்லை. இது நோயாளி முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. முறையாகப் பல ஆண்டுகள் வெளிநாட்டில் பயின்று வந்தவரும், சில நாள் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருப்பவரும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருக்கக்கூடும். இயன்முறை மருத்துவம் அவ்வாறானதன்று. அது 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் நலப்பணித் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் வரம்பிற்குள் வருகிறது. முதுகுத்தண்டைக் கையால் இயக்கும் நுட்பங்களில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்களும் உண்டு.

'சொடக்கு' ஒலி எதைக் காட்டுகிறது?

மூட்டைத் திடீரென அசைக்கும்போது எழும் ஒலியைக் கேட்டு, இடம் மாறிய எலும்பு மீண்டும் தன் இடத்தில் அமர்ந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மூட்டுக்குள் உள்ள வழவழப்பான நீர்மத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக்குமிழி தோன்றுவதோடு தொடர்புடைய ஒலி அது. விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதே ஒலிதான். ஒலி வந்ததால் சிகிச்சை பலித்தது என்றோ, வராததால் பலிக்கவில்லை என்றோ கொள்ள இயலாது. சிகிச்சைக்குப் பின் உடனே தோன்றும் இலேசான உணர்வு உண்மையானதே. ஆனால் அது பெரும்பாலும் தசை இறுக்கம் சற்றுத் தளர்வதாலும், மூளை வலியை உணரும் விதம் சிறிது நேரம் மாறுவதாலும் ஏற்படுகிறது.

வலி இருப்பவருக்கு இது உதவுமா?

ஓரளவு உதவும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்புவலிக்கு, முதுகுத்தண்டைக் கையால் இயக்கும் சிகிச்சை, உடற்பயிற்சி போன்ற பிற பரிந்துரைக்கப்பட்ட முறைகளுக்கு ஏறக்குறைய இணையான பலனைத் தருகிறது என்று 47 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த மதிப்பீடு காட்டியது. இணையான பலன் என்பதையே கருத்தில் கொள்க. மேலான பலன் என்று அது கூறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாட்பட்ட இடுப்புவலிக்கான வழிகாட்டுதல், நோயாளிக்கு விளக்கமளித்தல், உடற்பயிற்சி ஆகியவற்றுடன் கைமுறைச் சிகிச்சையையும் மசாஜையும் பயன்படுத்தத்தக்கவை எனச் சேர்த்துள்ளது. அதே வழிகாட்டுதல் இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்டு சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாக அளிக்கப் பரிந்துரைக்கவில்லை. வலிக்காக இடுப்புப் பட்டை வாங்கி மாதக்கணக்கில் கட்டியிருப்போர் இதைத் தம் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2016 முதல் ஒரு நிபந்தனையை விதிக்கிறது. கைமுறைச் சிகிச்சையைத் தனியாக அளிக்கக் கூடாது, உடற்பயிற்சியுடன் இணைத்தே அளிக்க வேண்டும் என்பதே அது. படுத்த நிலையில் பிறர் செய்யும் சிகிச்சையை மட்டும் பெற்றுக்கொண்டு, தாம் எதுவும் செய்யாமல் வீடு திரும்பும் நோயாளிக்கு வலி மீண்டும் வருவது வியப்பன்று.

வலி இல்லாதவர் மாதந்தோறும் செய்துகொண்டால் வலி வராமல் இருக்குமா?

நலமாக உள்ள ஒருவர் தொடர்ந்து கைரோபிராக்டிக் செய்துகொண்டால் இடுப்புவலி வராது என்பதற்குப் போதிய சான்று இல்லை. நோய் எதிர்ப்பாற்றல் கூடும், இரத்த அழுத்தம் குறையும், நீரிழிவு கட்டுப்படும் என்ற கூற்றுகளுக்கும் இதே விடைதான். கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில், முதுகுத்தண்டைச் சரிசெய்வதால் நோய் எதிர்ப்பாற்றல் கூடும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று உலகக் கைரோபிராக்டிக் கூட்டமைப்பே அறிவித்தது. இத்தொழிலினரின் சொந்த அமைப்பே கூறியது என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. மாத்திரைகளை நிறுத்திவிட்டு முதுகைச் சரிசெய்துகொள்ளலாம் என்று எவரேனும் கூறினால், அவ்விடத்தை விட்டு வந்துவிடுவதே பாதுகாப்பு.

இடுப்புவலி அடிக்கடி திரும்ப வரும் நோயாளிகளின் நிலை சற்று வேறு. சுவீடனில் 328 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வொன்று இவ்வினாவை நேரடியாக ஆராய்ந்தது. முதற்கட்டக் கைரோபிராக்டிக் சிகிச்சையில் நல்ல பலன் கண்டவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு பிரிவினருக்குக் குறித்த இடைவெளிகளில் தொடர் சிகிச்சையும், மற்றப் பிரிவினருக்கு வலி வந்தபோது மட்டும் சிகிச்சையும் அளித்தனர். ஓராண்டில் தொடர் சிகிச்சை பெற்றோருக்குத் தொல்லை தரும் வலியுள்ள நாள்கள் சராசரியாக ஏறத்தாழ 13 நாள் குறைந்தன. அவர்கள் சென்ற சிகிச்சைகளின் எண்ணிக்கை சராசரியாக இரண்டிற்கும் குறைவாகவே கூடியது. ஆனால் இப்பலனை எல்லோருக்கும் பொதுவாக்க இயலாது. முதற்சிகிச்சையில் பலன் காணாதவர் அந்த ஆய்வில் இல்லை. வலியே இல்லாதவரும் இல்லை. மேலும், சுவீடனில் அச்சிகிச்சையை அளித்தவர்கள் அரசு உரிமம் பெற்றவர்கள்.

வலியைத் தடுப்பதில் இதுவரை மிக உறுதியான சான்றைப் பெற்றிருப்பது உடற்பயிற்சியே. முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட 21 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான மதிப்பீட்டின்படி, உடற்பயிற்சியும் முதுகைப் பற்றிய விளக்கமும் சேரும்போது மீண்டும் இடுப்புவலி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்தது. இடுப்புப் பட்டையும் காலணிக்குள் வைக்கும் மெத்தையும் பலன் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வில், அண்மையில் இடுப்புவலியிலிருந்து மீண்டவர்கள் இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலுடன் படிப்படியாக நடைப்பயிற்சி மேற்கொண்டனர். அவர்களுக்கு வலி திரும்ப வந்த இடைநிலைக் காலம் 208 நாள். நடைப்பயிற்சி இல்லாதவர்களுக்கு 112 நாள். நடப்பதற்குக் கட்டணம் இல்லை. மன்னார்குடியில் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் கரைச்சுற்று இதற்குப் போதுமான இடம்.

வயல் வேலையில் முதுகிற்கு என்ன நேர்கிறது?

கழுத்தில் 7, மேல்முதுகில் 12, இடுப்பில் 5 என அசையும் முதுகெலும்புகள் 24 உள்ளன. அவற்றிற்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் அமைந்துள்ளன. 1960-களில் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் இடுப்பு வட்டுக்குள் நிலவும் அழுத்தத்தை நேரடியாக அளந்தார். நிமிர்ந்து நிற்பதைவிட முன்னோக்கிக் குனிந்த நிலையில் அவ்வழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவும், குனிந்தபடியே சுமையைத் தூக்கும்போது இரண்டு மடங்கிற்கு மேலாகவும் இருந்தது. நாற்று நடும் பெண் காலை முதல் பிற்பகல் வரை இந்தக் குனிந்த நிலையிலேயே, அதுவும் சேற்றில் காலை இழுத்து இழுத்துப் பின்னோக்கி நகர்ந்தபடி வேலை செய்கிறார். நீண்ட நேரம் குனிந்தே இருக்கும்போது முதுகுத் தசைகள் களைத்து, எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களின் மேல் சுமை இறங்குகிறது. அவை மெல்ல நீண்டு தளர்கின்றன. நடவு முடிந்து நிமிரும்போது இடுப்பு 'பிடித்துக்கொள்வது' இதனால்தான். அவ்வாறு நிமிர்ந்த உடனே நாற்றுமுடியையோ உர மூட்டையையோ தூக்குவது மிகவும் கேடானது. தளர்ந்த தசைநார் மீள்வதற்குச் சிறிது நேரம் தேவை. சில நிமிடங்கள் நிமிர்ந்து நடந்துவிட்டுத் தூக்குவதே முறை.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஒரு மூட்டையின் எடை 40 கிலோ. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கீட்டின்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதுகூட ஒருவர் தனியாகத் தூக்கத்தக்க எடையின் வரம்பு 23 கிலோ. நம் கொள்முதல் நிலையத்தில் அச்சூழல் சாதகமாகவும் இருப்பதில்லை. மூட்டை தரையில் கிடக்கிறது, அடுக்கு உயரமாக உள்ளது, அறுவடைக் காலத்தில் வேலைக்கு ஓய்வு இல்லை. இத்தகைய வேலை செய்பவரிடம் "குனிந்து தூக்காதீர்கள், முழங்காலை மடக்கித் தூக்குங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதிய அறிவுரை ஆகாது. தூக்கும் முறையைக் கற்பிப்பது மட்டுமே இடுப்புவலியைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சுமையின் எடையும், அதைத் தூக்கும் உயரமும், ஒரு நாளில் தூக்கும் எண்ணிக்கையும் மாறினால்தான் பயன் உண்டு. மூட்டையை இருவர் சேர்ந்து தூக்கித் தோளில் ஏற்றுவதும், தரையிலிருந்து எடுப்பதற்குப் பதிலாக இடுப்பு உயர மேடையிலிருந்து எடுப்பதும் செலவில்லாத மாற்றங்கள்.

வயலிலும் இதுபோன்ற மாற்றங்கள் உண்டு. செம்மை நெல் சாகுபடியில் வரிசையாக நட்ட வயலில் கோனோ களைக்கருவியை நிமிர்ந்து நின்று தள்ளலாம். நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் குனியும் நாள்களைக் குறைக்கின்றன. இவை கூலி வேலை நாள்களையும் குறைக்கின்றன என்பது மறுக்கவியலாத உண்மை; அதற்கு மருத்துவத்தில் விடை இல்லை. கையால் நடும்போது, ஏறத்தாழ அரை மணி நேரத்திற்கு ஒருமுறை நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பின் பின்புறம் ஊன்றி, ஐந்தாறு முறை மெல்லப் பின்னோக்கி வளைவது முதுகிற்கு ஓய்வளிக்கும். நாற்றுப் பறிப்பவரும் நடுபவரும் இடையில் வேலையை மாற்றிக்கொள்வதும் நன்று. குழுவின் மூத்தவர் முதலில் நிமிர்ந்தால்தான் இளையவர்கள் நிமிர்வார்கள். ஆகவே இதைக் குழுவாக முடிவு செய்துகொள்வது நல்லது.

மேட்டூர் அணை திறந்து குறுவைப் பணி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பதும், வீட்டில் எளிய பயிற்சிகளைச் செய்வதும் முதுகைப் பருவத்திற்கு ஆயத்தப்படுத்தும். பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குவது ஒன்று. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று, வலக்கையையும் இடக்காலையும் நேராக நீட்டி, பின் மாற்றிச் செய்வது மற்றொன்று. ஒவ்வொன்றையும் பத்து முறை செய்தால் போதும். வேலையே உடற்பயிற்சிதானே என்று பலர் கேட்பதுண்டு. வயல் வேலை ஒரே தசைகளை ஒரே திசையில் களைப்படையச் செய்கிறது. பயிற்சி அதற்கு எதிர்த் திசையில் வலுவூட்டுகிறது.

சுளுக்கு எடுத்தல், வர்மம், முடிதிருத்தகத்தில் கழுத்து முறித்தல்

கையால் முதுகைச் சரிசெய்வது நமக்குப் புதிதன்று. எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பவர் ஊர்தோறும் உண்டு. தாயின் வயிற்றிலிருந்து கால் முதலில் வெளிவரப் பிறந்தவர் முதுகில் மிதித்தால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கையும் உண்டு. மேலோட்டமான தசைப்பிடிப்பிற்கு இதமான எண்ணெய்த் தேய்ப்பு ஆறுதல் தரலாம். ஆனால் முதியவரின் முதுகில் மிதிப்பது எலும்பை முறிக்கக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்களில் பலருக்கு எலும்பு வலுவிழந்திருக்கும். முறிவு ஏற்படும் வரை அது வெளியே தெரியாது.

சித்த மருத்துவத்தில் தொக்கணம், வர்மம் ஆகிய கைமுறைகள் உள்ளன. இவற்றை நாடுவோர் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடமே செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவுகளில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

பச்சிளங்குழந்தைக்கு 'உரம் விழுந்தது' என்று சொல்லிச் சேலையில் இட்டு உருட்டும் வழக்கம் கைவிடத்தக்கது. குழந்தையின் கழுத்துத் தசைகள் தலையின் எடையைத் தாங்கும் வலுவைப் பெற்றிருப்பதில்லை. இடைவிடாத அழுகைக்குக் காய்ச்சலோ காதுவலியோ குடல் தொடர்பான கோளாறோ காரணமாக இருக்கலாம்; குழந்தைநல மருத்துவரிடம் காட்டுவதே முறை. கைரோபிராக்டிக் குறித்தும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2019-இல் நடந்த மதிப்பாய்வு, பன்னிரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு முதுகுத்தண்டை இயக்குவதால் பயன் உண்டு என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று கண்டது.

முடி வெட்டிய பின் தலையைப் பிடித்துச் சட்டென்று இருபுறமும் திருப்பிக் கழுத்தை முறித்துவிடும் பழக்கம் மிகவும் பரவலானது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் இரண்டு, கழுத்தெலும்பின் துளைகள் வழியாகவே மேலே செல்கின்றன. திடீர்த் திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்தால் அங்கு இரத்தம் உறைந்து பக்கவாதம் ஏற்படலாம். இது அரிதே, ஆயினும் முடிதிருத்தகத்தில் கழுத்தை முறித்த பின் இவ்வாறு பாதிக்கப்பட்டோர் இந்தியாவிலும் உள்ளனர். இளைஞர்களும் இதற்கு விலக்கல்லர். பயிற்சி பெற்ற கைரோபிராக்டர் செய்யும் கழுத்துச் சிகிச்சைக்கும் இந்த அரிய ஆபத்து உண்டு. "கழுத்து வேண்டாம்" என்று இரு வார்த்தைகளில் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கழுத்தை முறித்த பின் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ இதுவரை இல்லாத கடுமையான கழுத்துவலி அல்லது தலைவலி, தலைச்சுற்றல், பார்வை இரண்டாகத் தெரிதல், பேச்சுக் குழறல், நடை தடுமாறுதல், முகமோ கை காலோ மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

எந்த வலியை முதலில் மருத்துவரிடமே காட்ட வேண்டும்?

இடுப்புவலியில் பத்தில் ஒன்பது பங்கு குறிப்பிட்ட நோய் எதனாலும் வருவதன்று. திடீரென வரும் வலி பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குள் தணிந்துவிடும். எஞ்சிய பத்தில் ஒரு பங்கைக் கண்டறிவதில்தான் உயிரும் உறுப்பும் அடங்கியுள்ளன. கைமுறைச் சிகிச்சையால் நேரும் பெரிய தீங்கு, பல வேளைகளில் அந்தச் சிகிச்சையின் நேரடி விளைவன்று. அதற்காகச் சென்றுவந்த வாரங்களில் உண்மையான நோய் வளர்ந்துவிடுவதே அத்தீங்கு.

சிறுநீர் கழிக்க இயலாமை, சிறுநீரோ மலமோ தன்னையறியாமல் வெளியேறுதல், மிதிவண்டி இருக்கையில் படும் பகுதி மரத்துப்போதல், இரு கால்களிலும் வலு குறைதல் ஆகியவை முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்குவதன் அறிகுறிகள். இதற்கு அவசர அறுவைச் சிகிச்சை தேவை. ஒரு நாள் தாமதமும் நிலையான ஊனத்தில் முடியலாம். இந்நிலையில் எவரும் முதுகைத் தொட்டு அழுத்தக் கூடாது.

பல வாரங்களாக மாறாத முதுகுவலியுடன் மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். இந்நோய்க்குப் பல மாத மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. பெரும்பாலோர் முற்றிலும் குணமடைகின்றனர். அரித்துப்போன எலும்பைப் பிறர் அழுத்தித் திருப்பினால் அது நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கக்கூடும். முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாகத் தோன்றும் முதுகுவலியும், இரவில் படுத்திருக்கும்போது கூடும் வலியும் இவ்வாறே ஆராயப்பட வேண்டியவை.

நெல் வயலில் வேலை செய்வோர் குறிப்பாக அறிய வேண்டியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலில் உள்ள கீறல் வழியாக இக்கிருமி உடலுக்குள் நுழைகிறது. திடீர்க் காய்ச்சலுடன் கெண்டைக்காலிலும் இடுப்பிலும் கடும் தசைவலி, கண் சிவத்தல் ஆகியவை தோன்றும். நடவு வேலையின் அலுப்பு என்று எண்ணித் தேய்த்துவிடுவதில் நாள் கழிந்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும். தொடக்கத்திலேயே உரிய மருந்து கொடுத்தால் எளிதில் குணமாகும். காய்ச்சலுடன் கூடிய எந்த உடல்வலிக்கும் முதலில் ஆரம்ப சுகாதார நிலையமே செல்ல வேண்டிய இடம்.

ஒரு பக்க விலாவிலிருந்து அடிவயிறு நோக்கி இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். பெண்களுக்கு வெள்ளைப்படுதலுடனோ மாதவிடாயுடனோ சேர்ந்து வரும் இடுப்புவலியை மகளிர் மருத்துவர் பார்க்க வேண்டும். கருவுற்றிருப்போர், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், எலும்பு வலுவிழந்தோர், நீண்ட காலம் ஸ்டீராய்டு மருந்து எடுத்தோர், அண்மையில் விழுந்து அடிபட்டோர் ஆகியோர் தம் மருத்துவரைக் கேட்காமல் முதுகுத்தண்டை இயக்கும் சிகிச்சைக்கு உடன்படலாகாது.

வலி மாத்திரை பற்றி ஒரு குறிப்பு. பருவ வேலை முடியும் வரை தாங்கினால் போதும் என்று மருந்துக்கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் உண்பது, குறிப்பாக நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் நீர் குறைவாகக் குடித்து வேலை செய்யும்போது இந்தத் தீங்கு பெருகும். பெயரில்லாத பொட்டலங்களில் விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்; அவற்றை வாங்க வேண்டாம்.

கைரோபிராக்டரிடம் செல்வதாக இருந்தால்

மேற்கூறிய அறிகுறிகள் ஏதும் இல்லை, மருத்துவரும் தடை சொல்லவில்லை என்றால், இடுப்புவலிக்கு இச்சிகிச்சையை முயன்று பார்ப்பதில் தவறில்லை. சிகிச்சையளிப்பவர் எங்கு, எத்தனை ஆண்டு பயின்றார் என்று கேட்பது உங்கள் உரிமை. கை வைப்பதற்கு முன் உங்கள் பழைய நோய்களையும் மருந்துகளையும் அவர் கேட்க வேண்டும். கால்களின் வலுவையும் உணர்வையும் சோதிக்க வேண்டும். கேட்காமல் சோதிக்காமல் நேராகப் படுக்கையில் படுக்கச் சொல்பவரிடம் சிகிச்சை வேண்டாம். சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடல்நோவு ஏறத்தாழ பாதிப்பேருக்கு வருவதுண்டு. அது தானே தணியும்.

நான்கு முதல் ஆறு முறை சென்றும் மாற்றம் தெரியாவிட்டால் தொடர்வதில் பொருளில்லை. ஆண்டு முழுவதற்கும் முன்பணம் கட்டச் சொல்லும் திட்டங்களில் சேர வேண்டாம். வலியே இல்லாத வீட்டாரையும் பிள்ளைகளையும் அழைத்து வரச் சொல்வது மருத்துவ அறிவுரையன்று, வணிகம். சென்னை, திருச்சி போன்ற நகரங்களுக்குப் பல மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து சென்று திரும்பும் பயணமே இடுப்புவலியைக் கூட்டக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளலாம்.

பராமரிப்பாளர்களின் முதுகு

படுக்கையில் உள்ள முதியவரைத் தூக்கிப் புரட்டும் மகளுக்கோ மருமகளுக்கோ மனைவிக்கோ நாளடைவில் இடுப்புவலி வருவது இயல்பு. அவரும் ஒரு நோயாளி ஆவார். பாயில் கிடக்கும் நோயாளியை இயன்றவரை கட்டிலுக்கு மாற்றுக. தரையளவில் குனிந்து செய்யும் ஒவ்வொரு பணியும் முதுகின் மேல் விழுகிறது. நோயாளியின் தோள் முதல் தொடை வரை ஒரு பழைய வேட்டியையோ விரிப்பையோ குறுக்காக இட்டு வைத்தால், அதன் இரு ஓரங்களையும் பிடித்து இருவர் எளிதாக நகர்த்தலாம். தனியாக இருக்கும்போது கையைப் பிடித்து இழுக்காமல், நோயாளியின் முழங்காலை மடக்கிவைத்துத் தோளிலும் இடுப்பிலும் கைவைத்துத் தம் பக்கம் உருட்டுக. தூக்குவதைவிட உருட்டுவதும் சறுக்குவதும் பாதுகாப்பானவை.

இடுப்புவலி உள்ளவரை வாரக்கணக்கில் படுக்கவைப்பது அன்பினால் செய்யும் தவறு. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் வலி பொறுக்கும் அளவிற்கு நடமாடுவோரே விரைவில் குணமடைகின்றனர். கட்டாந்தரையில்தான் படுக்க வேண்டும் என்பதும் இல்லை. மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தை நாட்பட்ட இடுப்புவலிக்கு உகந்தது என்று 2003-இல் ஸ்பெயினில் 313 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது.

எங்கே அணுகலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ மன்னார்குடி அரசு மருத்துவமனையையோ அணுகலாம். மேல் பரிசோதனை தேவைப்படுவோர் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர். நடமாட இயலாதோருக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இயன்முறை மருத்துவச் சேவை வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகிறது. உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எங்கு செல்வது என்று தெரியாதபோது 104 என்ற எண்ணில் சுகாதார ஆலோசனை பெறலாம்.

மருத்துவரிடம் செல்லும்போது வலி தொடங்கிய நாள், அது கூடும் வேளை, காலுக்கு இறங்குகிறதா என்பது, இதுவரை சுளுக்கு எடுத்தது அல்லது வேறு கைமுறைச் சிகிச்சை பெற்றது ஆகியவற்றை மறைக்காமல் கூறுக. பழைய எக்ஸ்ரே படங்களையும், உண்ணும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் இட்டு உடன் எடுத்துச் செல்க.